பேக்கிங் மாற்றுவதா, சிலிகான் பூசுவதா, முகத்தைச் சீவுவதா? அம்பாசிடர் மேனிஃபோல்டு காற்று இழுத்தால் எந்த வழி நல்லது

கோபியிலிருந்து ஒருவர், பொள்ளாச்சியிலிருந்து ஒருவர், பெருந்துறையிலிருந்து ஒருவர். மூன்று பேரிடமும் பழைய அம்பாசிடர். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: "இன்லெட் மேனிஃபோல்டு பேக்கிங் மாத்தியாச்சுங்க, ஆனாலும் காத்து இழுக்குது. அடுத்து என்னங்க செய்யறது?" கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்ததை இஞ்சின் ஹெட்டுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் இன்லெட் மேனிஃபோல்டு; அதன் முகம் ஹெட்டில் உட்காரும் இடத்தில் நடுவே அடைப்பாகப் போடுவது பேக்கிங். அங்கே சந்து இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். கோபிக்காரருக்கு சிலிகான் போட்டு முடித்துவிடலாமா என்று யோசனை. பொள்ளாச்சிக்காரரிடம் லேத்துப் பட்டறையில் முகத்தைச் சீவித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா காலத்து இரும்பில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. பெருந்துறைக்காரர் ஒரு படி மேலே போய் கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வேறு மேனிஃபோல்டே பார்த்து வைத்துவிட்டார். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார்.

மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். இதில் என் கை சுட்டுக்கொண்ட அனுபவமும் இருக்கிறது. எங்கள் வீட்டில் 1974 மாடல் மார்க் 2 நிற்கிறது. மாதத்துக்கு இரண்டு தடவை வெளியே எடுப்பேன், வருடத்துக்கு ஒரு தடவை பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறுவேன். ஒரு வருடத்தில் மூன்று தடவை அதற்கு மேனிஃபோல்டு பேக்கிங் மாற்றினேன். மூன்றாவது தடவை மாற்றிய ஒர்க் ஷாப்பில் "இப்ப வர்ற பேக்கிங்கே சரியில்லைங்க" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். அப்புறம் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். லாரி, டிராக்டர், கிணற்று மோட்டார் என்று கைக்கு வந்ததையெல்லாம் பார்த்தவர். மேனிஃபோல்டைக் கழற்றி, அதன் முகத்தில் ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜை (கோணாத நேர்ப்பட்டை) வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாருங்க தம்பி. இந்தச் சந்துல பல்லி பூந்து போயிரும். பேக்கிங் என்னங்க பண்ணும், பாவம்."

அன்றிலிருந்து பேக்கிங்கைக் குறை சொல்வதை விட்டுவிட்டேன்.

## இந்த இஞ்சினில் மட்டும் ஏன் இத்தனை பாடு

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. 'பி' சீரிஸ் வகை. இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில்தான் திறக்கின்றன. வரிசையாக ஐந்து வாய்கள்: எக்ஸாஸ்ட், இன்லெட், எக்ஸாஸ்ட், இன்லெட், எக்ஸாஸ்ட். முன்னால் இருக்கும் இன்லெட் வாய் 1, 2 சிலிண்டர்களுக்குப் பொது. பின்னால் இருப்பது 3, 4க்குப் பொது. நடு எக்ஸாஸ்ட் 2க்கும் 3க்கும் பொது. ஆக, ஒவ்வொரு இன்லெட்டும் இரண்டு எக்ஸாஸ்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சி ஒரு பக்கம், அடுப்புச் சூடு இரண்டு பக்கம். ஒவ்வொரு தடவை வண்டி ஓடி ஆறும்போதும் அந்த உலோகம் நீண்டு சுருங்குகிறது. ஐம்பது வருடம் இப்படி நடந்தால் எந்த வார்ப்பும் வில்லாக வளையும்.

இதோடு இன்னொரு சிக்கல். நடுவில் இருக்கும் ஸ்டட்களில் (ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டுகளில்) ஒரே நட்டும் ஒரே தடித்த வாஷரும் இன்லெட் விளிம்பையும் எக்ஸாஸ்ட் விளிம்பையும் ஒட்டுக்காப் பிடிக்கின்றன. இரண்டும் தனித்தனி வார்ப்பாக இருந்து, ஒன்றின் விளிம்பு மற்றதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தால், வாஷர் தடித்ததை மட்டும் அழுத்தும். மெலிந்தது சும்மா நிற்கும். நட்டை எத்தனை முறுக்கினாலும் பயன் இல்லை, ஸ்டட்தான் பிய்த்துக்கொண்டு வரும். பேக்கிங் மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வாஷரின் அடியைத்தான்.

ஜீப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். பழைய மகேந்திரா பெட்ரோல் ஜீப்பின் ஹரிக்கேன் இஞ்சினில் இன்லெட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்ந்த ஒரே வார்ப்பு. அங்கே இந்தப் பேக்கிங்கே கிடையாது. அவர்களுக்கு வேறு தலைவலிகள் இருக்கின்றன, விடுங்கள்.

## முதலில், காற்று இழுப்பது அந்த இடம்தானா?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் நோயை உறுதி செய்யாவிட்டால் பேக்கிங், சிலிகான், சீவுவது, வேறு மேனிஃபோல்டு என்ற நான்கு வழியும் தண்டம். ஐடிலிங் நிலையாக நிற்காமல் ஏறி இறங்குவது, சோக்கு கொஞ்சம் இழுத்தால் மட்டும் ஒழுங்காக ஓடுவது, உஸ்ஸென்ற சத்தம், பிளக் வெளுத்துப்போவது எல்லாம் காற்றுக் கசிவின் அடையாளம்தான். ஆனால் கார்புரேட்டர் ஸ்பிண்டில் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு) தேய்ந்தாலும் இதே குணம். கார்புரேட்டர் அடியில் இருக்கும் பேக்கலைட் துண்டு கோணியிருந்தாலும் இதே குணம். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் குழாய் வெடித்திருந்தாலும் அதேதான்.

இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். வெறும் பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கு 14.7 மடங்கு காற்று கேட்கும். 20 சதவீதம் எத்தனால் கலந்தது ஏறக்குறைய 13.5 மடங்குதான் கேட்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் பழையபடி அதே அளவு பெட்ரோலைத்தான் விடுகிறது. அதனால் கசிவே இல்லாத இஞ்சினும் காற்று அதிகமான கலவையில் ஓடி, கசிவு இருப்பது போல நடிக்கும். வித்தியாசம் காண ஒரு வழி: எத்தனால் பிரச்சினை நான்கு பிளக்கையும் ஒரே மாதிரி வெளுக்க வைக்கும். முன் இன்லெட் விளிம்பு கசிந்தால் 1ம் 2ம் கூடுதலாக வெளுக்கும், 3ம் 4ம் சும்மா இருக்கும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள், பைசா செலவில்லை.

அரை மீட்டர் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை விளிம்பு ஓரமாக நகர்த்தினால் உஸ் சத்தம் எங்கே என்று பிடிபடும். காலையில் வெள்ளென, இஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைப் புகைபோல் இன்லெட் விளிம்பில் அடித்தும் பார்க்கலாம். கசிவு அங்கே இருந்தால் ஐடிலிங் சட்டென மாறும். சூடான பிறகு இதைச் செய்யாதீர்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டு அங்குலம் தள்ளி எக்ஸாஸ்ட் கனன்றுகொண்டிருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மேனிஃபோல்டுக்குள் இருக்கும் இழுவையைப் பாதரச இஞ்சில் காட்டும் வேக்கம் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல இஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 இஞ்ச் காட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்லும் கணக்கு கடல் மட்டத்துக்கானது. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு இஞ்ச் குறையும். கோயம்புத்தூர் சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒன்றேகால், ஒன்றரை இஞ்ச் கழித்துக்கொள்ளுங்கள். ஊட்டி 2240 மீட்டர்; அங்கே நல்ல இஞ்சினே 10 முதல் 14தான் காட்டும். ஊட்டியில் கேஜைப் பார்த்துப் பதறி மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம்.

மலைப்பாதை பற்றி ஒரு வார்த்தை. ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருப்பதால் மேனிஃபோல்டுக்குள் இழுவை குறைவு, கசிவு தெரியாது. கியரில் போட்டுக் காலை எடுத்து இறங்கும்போது இழுவை உச்சத்துக்குப் போகும். அப்போது சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கும். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் அமைதியாக ஏறிய வண்டி, திரும்பி ஆழியாறு இறங்கும்போது தீபாவளி கொண்டாடினால் இந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். எக்ஸாஸ்ட் பேக்கிங் போயிருந்தாலும் இதே மாதிரி வெடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம். அந்த வழி எவ்வளவு கோணலைச் சமாளிக்கும்? பெட்ரோலையும் சூட்டையும் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த தடவை கழற்றும்போது என்ன பாடு படுத்தும்? கடைசியில், உண்மையான செலவு என்ன? பேக்கிங் விலையைச் செலவு என்று நினைக்காதீர்கள். கூலி, வண்டி பட்டறையில் நிற்கும் நாட்கள், முறியக்கூடிய ஸ்டட் எல்லாம் சேர்ந்ததுதான் செலவு.

முதல் கேள்விக்கு அளவெடுக்காமல் பதில் இல்லை. மேனிஃபோல்டைக் கழற்றி முகத்தைச் சுத்தம் செய்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்கில் வைத்து, அடியில் ஃபில்லர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். ஸ்கூல் ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம், அதுவே வளைந்திருக்கும். என் கணக்கு இது: 0.1 மில்லிமீட்டர், அதாவது நாலு தவ்வுக்குள் (தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் நல்ல பேக்கிங் பார்த்துக்கொள்ளும். 0.25ஐத் தாண்டினால் பேக்கிங் மட்டும் வேலைக்கு ஆகாது. இடையில் இருப்பது வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹெட் பக்கத்து முகத்தையும் அதே போல அளந்துவிடுங்கள். பிறகு வெர்னியர் வைத்து, வாஷர் உட்காரும் இடத்தில் இன்லெட், எக்ஸாஸ்ட் விளிம்புகளின் தடிமனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: புதுப் பேக்கிங் மட்டும்

முகம் நேராக இருந்தால் இதுதான் சரியான வழி. அரை நாள் வேலை, இரண்டு பிரியாணி பார்சல் விலையில் பொருள். எதையும் சீவவில்லை, எதையும் ஒட்டவில்லை, பிடிக்காவிட்டால் நாளைக்கே மாற்றலாம்.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் பேக்கிங்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து வாய்க்கும் சேர்ந்த ஒரே துண்டாக வரும். மாட்டும் முன் ஹெட்டிலும் மேனிஃபோல்டிலும் வைத்து ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பேக்கிங்கின் ஓரம் இன்லெட் வாய்க்குள் துருத்திக்கொண்டு நின்றால் நாளடைவில் பிய்ந்து உள்ளே போகும். ஷீட் வாங்கிக் கையால் வெட்டிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் இன்றும் உண்டு. சுத்தியலால் தட்டியே விளிம்பு அச்சு எடுத்து வெட்டுவதைப் பார்க்க அழகாக இருக்கும். இன்லெட் பக்கத்துக்கு அது போதும். எக்ஸாஸ்ட் வாயைச் சுற்றி உலோக வளையம் இல்லாத வெறும் ஷீட் சீக்கிரமே கருகிவிடும், கருகிய இடம் வழியாக அடுத்த இன்லெட்டும் போகும்.

செம்புத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மெத்தென்றாகும், உண்மைதான். ஆனாலும் அது உட்காருவதற்குப் பேக்கிங் ஷீட்டைவிடப் பல மடங்கு அழுத்தமும், கண்ணாடி மாதிரி முகமும் வேண்டும். 5/16 இஞ்ச் ஸ்டட்களால் அந்த அழுத்தத்தைக் கொடுக்க முடியாது. கோணல் முகத்துக்குச் செம்பு என்பது தலைகீழ் வைத்தியம்.

மறைந்திருக்கும் செலவு பழையதைச் சுரண்டுவதில் இருக்கிறது. பழைய பேக்கிங் என்றாலே அஸ்பெஸ்டாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைத்துச் சுரண்டுங்கள். வயர் பிரஷ் போட்டுத் தூள் பறக்க விடுவதும், கம்ப்ரஸர் காற்றில் ஊதுவதும் நுரையீரலுக்குக் கேடு. அவசரக்கைகள் இங்கே கூரான உளியால் குத்தி முகத்தில் கோடு போட்டுவிடும். அந்தக் கோடே அடுத்த கசிவு.

ஸ்டட் ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். யாரோ முன்பு அதிகமாக முறுக்கியதில் மரை இழுத்துக்கொண்டு வந்து சின்ன மேடு எழும்பியிருக்கும். பேக்கிங் அந்த மேட்டின் மேல் உட்காரும், வாயைச் சுற்றி உட்காராது. பெரிய டிரில் பிட்டைக் கையில் பிடித்து லேசாக ஒரு திருகு திருகினால் மேடு போய்விடும்.

பேக்கிங்கை நான் வறட்டாகவே போடுவேன். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கவேண்டும். 5/16 ஸ்டட்டுக்கு 15 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2 கிலோகிராம்-மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் சின்ன ஸ்பேனரை மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள், தோளைக் கூப்பிடாதீர்கள். ஒரு தடவை ஓட்டிச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று இறுக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை. பல பேர் "புதுப் பேக்கிங்கும் போச்சு" என்பது இந்தக் கடைசி வேலையைச் செய்யாததால்தான்.

## வழி 2: சிலிகான்

கோபி அண்ணாவின் யோசனை. டியூபைப் பிதுக்கி, விளிம்பு முழுக்கப் பூசி, நட்டை இறுக்கினால் தீர்ந்தது. அடுத்த நாள் வண்டி பட்டுப் போல ஓடும், அதை மறுக்கவில்லை.

சாதாரண ஆர்டிவி சிலிகானுக்குப் பெட்ரோல் ஆகாது. ஊறி உப்பி, பிசுபிசுத்து, துண்டு துண்டாகக் கழன்றுவிடும். கழன்ற துண்டு போகும் இடம் வால்வு. சூட்டிலும் 250, 300 டிகிரிதான் அதன் எல்லை. எக்ஸாஸ்ட் விளிம்பு மலையேற்றத்தில் அதைச் சுலபமாகத் தாண்டும். அந்த ஐந்து வாய்களும் ஒரே துண்டில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், 'இன்லெட்டுக்கு மட்டும் பூசுகிறேன்' என்பதும் பாதிதான் நடக்கும். இன்னொரு தொந்தரவு, பூசிய பிறகு உண்மையான கோணல் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அடுத்து வரும் மெக்கானிக் இரண்டு மணி நேரம் சுரண்டிவிட்டுத்தான் அளவெடுக்க முடியும், அந்தக் கூலியும் உங்கள் கணக்கில்தான்.

இதற்கு இடமே இல்லையா? இருக்கிறது. பெட்ரோல் தாங்கும், இறுகிப்போகாத ஜாயிண்டிங் பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது. முகத்தில் உளிக்கோடு, துருப்புள்ளி மாதிரி சின்னக் காயம் இருந்தால் அதை நகத்தால் இழுத்த மாதிரி மெல்லிசாக, இன்லெட் வாயைச் சுற்றி மட்டும், பேக்கிங்கோடு சேர்த்துப் பூசலாம். பேக்கிங்குக்குப் பதிலாக அல்ல. நாளைக்கு முகூர்த்தம், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வண்டி வேண்டும் என்ற நெருக்கடியில் சிலிகானே போட்டாலும் குற்றம் சொல்லமாட்டேன். முகூர்த்தம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

## வழி 3: ஃபேஸிங்

ஃபேஸிங் என்பது முகத்தை மெஷினில் சீவி நேராக்குவது. இதில்தான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். கோணல் 0.25ஐத் தாண்டியவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நாம் இருக்கும் கோயம்புத்தூரும் அதற்குத் தோதானது. பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்த ஊர். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் மில்லிங் மெஷினும் சர்ஃபேஸ் பிளேட்டும் இருக்கும். வேறு ஊர்க்காரர்கள் இதற்காகப் பொருளை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறார்கள்.

ஆனால் மெஷின் இருந்தால் மட்டும் போதாது, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பம்ப் பட்டறைக்காரர்களுக்கு மேனிஃபோல்டு அன்றாட வேலை இல்லை. மூன்று விஷயம் சொல்லுங்கள்.

முதலாவது, வளைந்த பொருளை மெஷின் பெட்டில் வைத்து கிளாம்பால் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அழுத்தினால் அது தற்காலிகமாக நேராகும், நேராக இருக்கும்போதே சீவுவார்கள், கிளாம்பை எடுத்ததும் பழையபடி வளைந்துகொள்ளும். கூலி கொடுத்துக் கோணலை வாங்கி வருவீர்கள். அடியில் இடைவெளி இருக்கும் இடத்தில் மெல்லிய தகடு கொடுத்து, அது இயல்பாக இருக்கும் நிலையிலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இன்லெட்டும் எக்ஸாஸ்டும் தனித்தனி வார்ப்பானால் இரண்டையும் ஒட்டுக்கா போல்ட் போட்டு ஒரே பொருளாக்கிச் சீவ வேண்டும். தனித்தனியாகச் சீவினால் இரண்டு முகமும் தனித்தனியாக நேராக இருக்கும், ஹெட்டில் மாட்டும்போது ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்கும். சேர்த்துச் சீவிய பிறகு அந்த இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. சீவியதும் விளிம்பின் தடிமனை வெர்னியரில் பாருங்கள். இன்னும் வித்தியாசம் இருந்தால் வாஷரின் ஒரு பாதியை அந்த அளவுக்கு ராவிப் படி வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்குச் சில்லறை வேலை மாதிரி இருக்கும். என் வண்டியில் கசிவு நின்றது இந்தப் படி வைத்த வாஷரால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

மூன்றாவது, முகம் முழுக்கப் பளபளப்பானதும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு தவ்கூட வேண்டாம். அலுமினிய இன்லெட் என்றால் மில்லிங்தான், கிரைண்டிங் வீலில் அலுமினியம் அப்பிக்கொள்ளும்.

மறைந்த செலவு இங்கே நிறைய. கழற்றும்போது துருப்பிடித்த ஸ்டட் ஒன்றாவது முறியும் என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். இரண்டு நாள் முன்பிருந்தே எண்ணெய் விட்டு ஊற வைத்தால் சேதம் குறையும். திரும்ப மாட்டும்போது எக்ஸாஸ்ட் பக்கம் பித்தளை நட்டு போட்டால் அடுத்த தடவை சுலபமாகக் கழலும். பெரிய செலவு வேறு: கோணல் மேனிஃபோல்டில் இல்லாமல் ஹெட்டின் முகத்தில் இருந்தால், ஹெட்டையே இறக்க வேண்டும். ஹெட் கேஸ்கெட், டேப்பெட் செட்டிங் என்று வேலை மூன்று மடங்காகும். அதனால்தான் ஹெட் பக்கத்தையும் முதலிலேயே அளக்கச் சொன்னேன்.

கோணல் சின்னதாக, ஒரு மூலையில் மட்டும் இருந்தால் பட்டறைக்கே போகாமல் வீட்டிலும் தேய்க்கலாம். தடித்த கண்ணாடி மேல் எமரி பேப்பரை ஒட்டி, எட்டு வடிவத்தில் நிதானமாகத் தேய்ப்பது. பொழுதோட ஆரம்பித்தால் ராத்திரி கை வலிக்கும், ஆனால் 0.15 வரை இதில் சரியாகும். கை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் புதுக்கோணல் உண்டாகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

பொள்ளாச்சிக்காரரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக எடுப்பதில் அந்தத் தடித்த விளிம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. தலைமுறைக்கு ஒரு தடவை செய்யும் வேலை இது.

## வழி 4: வேறு மேனிஃபோல்டு

வார்ப்பில் விரிசல் இருந்தால், விளிம்பின் காது உடைந்திருந்தால், இதைத் தவிர வேறு வழியில்லை. வார்ப்பிரும்பை வெல்டிங் வைக்கலாம், ஆனால் அந்தச் சூட்டில் முகம் இன்னும் கோணும்; வெல்டிங்குக்குப் பின் ஃபேஸிங் கட்டாயம். வெறும் கோணலுக்காக வேறு வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. உக்கடத்தில் கிடக்கும் மேனிஃபோல்டும் உங்களுடையதைப் போலவே ஐம்பது வருடம் வெந்து தணிந்ததுதானே, அது மட்டும் நேராக இருக்குமா?

வாங்கத்தான் வேண்டும் என்றால் ஸ்ட்ரெய்ட் எட்ஜையும் ஃபில்லர் கேஜையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சின்ன ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். முழுசாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் டொக்கென்று அடங்கும். சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியைப் பொடித்துத் தூவுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். கார்புரேட்டர் உட்காரும் விளிம்பு உங்கள் கார்புரேட்டருக்குப் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். பிற்பாடு வந்த 1.8 லிட்டர் இசுசு இஞ்சினின் மேனிஃபோல்டு இதற்கு ஒத்தே வராது, அம்பாசிடர் என்ற பேரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இன்லெட்டை மட்டும் வாங்கினால், உங்கள் எக்ஸாஸ்டோடு விளிம்புத் தடிமன் ஒத்துப்போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இரண்டையும் பட்டறைக்குத்தான் எடுத்துப்போக வேண்டியிருக்கும்.

## ஒரு பார்வையில்

| | புதுப் பேக்கிங் | சிலிகான் | ஃபேஸிங் | வேறு மேனிஃபோல்டு |
|---|---|---|---|---|
| சமாளிக்கும் கோணல் | 0.1 மி.மீ. வரை | எதையும் மறைக்கும், எதையும் சரிசெய்யாது | எவ்வளவானாலும் | வாங்கும் பொருளைப் பொறுத்தது |
| பெட்ரோல், சூடு | தாங்கும் | தாங்காது | தாங்கும் | தாங்கும் |
| மறுபடி கழற்ற | சுலபம் | பெரும்பாடு | சுலபம் | சுலபம் |
| வண்டி நிற்பது | அரை நாள் | ஒரு நாள் | மூன்று நாள் முதல் ஒரு வாரம் | கிடைக்கும் வரை |
| மறைந்த செலவு | சுரண்டுவதில் வரும் கோடு | அடுத்த தடவை சுரண்டும் கூலி, வால்வு | முறியும் ஸ்டட், ஹெட் இறக்குவது | அதற்கும் ஃபேஸிங் |
| யாருக்கு | முகம் நேராக உள்ளவர்களுக்கு | முகூர்த்த நெருக்கடிக்கு | பேக்கிங் இரண்டு தடவை தோற்றவர்களுக்கு | விரிசல் விட்டவர்களுக்கு |

## மூன்று பேருக்கும் என்ன ஆச்சு

கோபி அண்ணா பிளக்கைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தார். நான்கும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன. ரப்பர் டியூபை வைத்துக் கேட்டால் உஸ் சத்தம் விளிம்பில் இல்லை, கார்புரேட்டர் ஸ்பிண்டில் ஓரத்தில். நான்கு வழியில் ஒன்றுகூட அவருக்குத் தேவைப்படவில்லை. ஸ்பிண்டிலுக்கு புஷ் அடித்து, ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றியதும் ஐடிலிங் ஏறி இறங்காமல் நிலையாக நின்றுவிட்டது. சிலிகான் டியூப் இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறதாம்.

பொள்ளாச்சிக்காரருக்கு 0.4 மில்லிமீட்டர். பேச்சே இல்லை, ஃபேஸிங். வாஷர் விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு ஸ்டட் முறிந்தது, அதை எதிர்பார்த்ததுதான்.

பெருந்துறைக்காரர் நான் சொன்ன மாதிரியே ஃபில்லர் கேஜோடு உக்கடம் போனார். தட்டிப் பார்த்து, சுண்ணாம்பு தூவி, வெளிச்சத்தில் பிடித்து அரை மணி நேரம் சோதித்திருக்கிறார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தவராட்டப் பாக்கறீங்களே" என்றாராம். அந்த மேனிஃபோல்டில் 0.3. வீட்டில் இருக்கும் அவருடையதில் 0.2தான். ஒரு டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு பெருந்துறை பஸ் ஏறிவிட்டார். இந்த வாரம் தன்னுடையதையே சீவ கணபதிப் பட்டறைக்குக் கொண்டு போகிறார்.